ஒரே பை, இரண்டு உறுதிச்சீட்டு

பெயர் ஜென்சி, வயது 31, த/பெ. இருதயநாதன், காட்டூர், திருச்சி. மென்பொருள் நிறுவனத்தில் ஜாவா புரோகிராமர். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்திற்கு வந்து சொல்வதாவது:

கோட்டைப் பகுதியில் உள்ள ரத்த வங்கிக்கு, மருத்துவமனைகள் ரத்தப் பைகளை முன்பதிவு செய்யும் மென்பொருளை எழுதியது நான். அங்கு டெக்னீஷியனாக இருப்பவர் நஸ்ருல்லா, வயது 52. முன்பு அங்கு ஒரே நோட்டும், மேஜையில் நூலால் கட்டிய ஒரே பேனாவும் இருந்தன. சென்ற ஆண்டு நான் மென்பொருளை நிறுவச் சென்றபோது அவர், "ஒருத்தர் எழுதி முடிச்சாத்தாங்க அடுத்தவர் கைக்குப் பேனா போகும். உங்க மெஷின்ல அப்படி இருக்குமாம்மா?" என்று கேட்டார். "இருக்கும் பாய், பூட்டு போட்டிருக்கேன்" என்றேன். அதன்பின் அந்த நூலை அறுத்தது நான்தான்.

அன்று சொன்னது உண்மை. நிரல் ஒரே சர்வரில் ஓடியது. ஒரு பதிவு முடியும்வரை அடுத்தது காத்திருக்கும். அதன்பின் மருத்துவமனைகள் பல சேர்ந்ததால், கடந்த மாதம் இரண்டாவது சர்வரிலும் அதே நிரலை ஓடவிட்டேன். வேகத்துக்காக ஒவ்வொரு சர்வரும் இருப்புப் பட்டியலின் நகலைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் போட்ட பூட்டு மற்றொன்றுக்குத் தெரியாது. ஒன்றில் நடந்த மாற்றம் மற்றதன் நகலுக்கு ஒரு நிமிடம் கழித்தே போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாத பாடமல்ல. யோசிக்கவில்லை.

கடந்த வியாழன் காலை 10.42க்கு ஓ நெகட்டிவ் பை ஒன்றே ஒன்று இருந்தது. திருவெறும்பூர் மருத்துவமனை ஒரு சர்வர் வழியாகவும், ஸ்ரீரங்கம் மருத்துவமனை மற்றதன் வழியாகவும் அதைக் கேட்டன. பை உங்களுக்கே என்ற உறுதிச்சீட்டு இரண்டுக்கும் போயிற்று. திருவெறும்பூர் ஆள் முதலில் வந்து பையை வாங்கிச் சென்றார். அதன்பின், பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கிடந்த மனைவிக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வந்த சித்தார்த் என்பவர் கைபேசியில் சீட்டைக் காட்டினார். கொடுக்கப் பை இல்லை. "எவனுக்குய்யா வித்தே?" என்று நஸ்ருல்லாவின் சட்டையைப் பிடித்திருக்கிறார், அதன்பின் அவர் பையை விற்றுவிட்டதாக இங்கே புகார் கொடுத்திருக்கிறார். தஞ்சாவூரிலிருந்து வேறு பை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

மென்பொருளில் தவறில்லை என்று எங்கள் மேலாளர் ஜெயக்குமார் எழுதிக் கொடுத்தார். அதன்பேரில் நஸ்ருல்லாவை நேற்று விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். அதன்பின் நான் இரு சர்வர்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரே பை எண், ஏழு விநாடி இடைவெளி. ஜெயக்குமாரிடம் காட்டியதற்கு, "இதத் தூக்கிட்டு எங்கயும் போயிடாதீங்க ஜென்சி, நம்ம எல்லார் வேலையும் காலி" என்றார். எனக்கும் பயம்தான். ஆனாலும் அச்செடுத்துக் கொண்டுவந்து ஒப்படைத்துள்ளேன்.

நஸ்ருல்லா பையை விற்கவில்லை. தவறு என்னுடையது. இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நஸ்ருல்லா என்னைக் கண்டதும் எழுந்து, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

யாரும் மிரட்டியோ தூண்டியோ சொன்னதல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன். இது இரண்டு பிரதியாக எழுதப்பட்டது. எழுத்தர் ஒன்றைப் படித்துக்காட்டிவிட்டு, இன்னொன்றும் இதேதான் என்றார். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) இ. ஜென்சி