பத்துக் கதவும் திறந்திருக்கணும்

இருந்தவர்கள்: வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் ஒரு லயத்தின் நாலாம் காம்பராவில் வினோஜன், கார்மெண்ட்ஸ் இரவு ஷிப்டை விட்டுவிட்டு வந்து, கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் மெசின் ஒன்றைத் தானே கட்டியவன். இருந்த ஒரே நாற்காலியில் கோயில் கமிட்டித் தலைவர் பொன்னையா. சுவருக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் காம்பராவில், மீனம்மா. தொலைபேசியின் மறுமுனையில் பழைய ஷிப்ட் நண்பன் பிரதாப். அவன் குரல் நமக்குக் கேட்காது.

ஹலோ... ஹலோ, பிரதாப், சத்தமாப் பேசுடா, மெசின் ஓடுது... ஆமா, ஆமா, கோயில் போர்டுதான். பலா மரம்... தேக்குக்கு நான் எங்கடா போறது?

...

திங்கக்கிழமை திரும்ப வேலைக்கு வர்றேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிராத. இந்தப் போர்டு தலைவருக்குப் புடிச்சா கோயில் கதவு, ஜன்னல் எல்லாம் என் கைக்கு வரும். புடிக்கலைன்னா வர்றேன். அம்புட்டுதான்.

...

இப்ப ஆடாது. மொத தடவ வீடியோவப் பார்த்து, மேசை லாச்சிய இழுத்துத் தள்ளுறதுக்குப் போடுற சறுக்குக் கம்பியில கட்டினேன். விரலால தள்ளினா ரெண்டு மில்லி நகருது. வட்டம் வெட்டச் சொன்னா உருளைக்கெழங்கு வெட்டுது. அப்புறம் உள்ள கூடா இருக்குற இரும்புப் பொட்டிக் கம்பி எடுத்து, உள்ளுக்கு ஆத்து மணல் ரொப்பி... மணல்தான்டா, அதிர்ச்சியக் குடிச்சிரும். அதுக்கும் அடங்கல. தரை வெடிச்சுக் கெடக்கு, மேசையே குதிக்குது. சரி போன்னு குறுக்குச் சட்டத்தக் கொண்டுபோய் சுவத்துல போல்ட் அடிச்சுட்டேன்.

...

சிரிக்காத. வெள்ளைக்காரன் கட்டின கல்லுச் சுவரு. நானே தொங்கினாலும் ஒரு மயிரிழை நகராது. ஆனா சுவரு எனக்கு மட்டுமா? பத்துக் காம்பராவுக்கும் ஒன்னுதான். மழைக்கு ஊறின கதவுங்க, ஒதைச்சாத்தான் சாத்தும். எவன் கதவ ஒதைச்சாலும் இங்க கத்தி துள்ளுது. நூறு வருசமா யாரும் ஆட்டாத சுவருன்னு நெனச்சேன். தெனமும் ஆட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.

...

அதான் தலைவர் உத்தரவு போட்டுட்டாரு. போர்டு முடியுற வரைக்கும் லயத்துல ஒருத்தரும் கதவு சாத்தக் கூடாது. ரெண்டு மணி நேரமா பத்துக் கதவும் திறந்து கெடக்கு. மூணாங் காம்பராவுல கோழி போய்க் கட்டில்ல படுத்துருச்சு.

...

அம்மன் பேரு முடிஞ்சுது. ஓரத்துல பிசிறே இல்லடா. இப்ப உபயம். பொன்னையா... ஆமா, அம்மன விடப் பெருசுதான். மெதுவாப் பேசு, பக்கத்துலதான் இருக்காரு.

இருடா... தலைவரே, எந்திரிக்காதீங்க, தூசி கண்ணுல அடிக்கும்... ஹலோ? ஆங், இருக்கேன். மீனக்கா வாசல்ல நிக்கிறாங்க... என்னக்கா? ஒன்றரைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகணுமா? ரெண்டே எழுத்துக்கா... லேட்டானா அரைநாள் பேரு போட்டு அரைச் சம்பளந்தான் குடுப்பாங்களா? அப்ப திறந்து போட்டுட்டுப் போங்க... ஆமா, ஆமா, போன வாரம் குரங்கு அரிசி மூட்டைய இழுத்துச்சு, தெரியும். அப்ப மெதுவாச் சாத்துங்க... மெதுவாச் சாத்தாதுதான்...

தலைவரே, நீங்க ஒன்னும் பேசாதீங்க... ஐயோ.

...

பிரதாப், இந்த மனுசன், ‘என் பேரு வெட்டி முடியுற வரைக்கும் நின்னுட்டுப் போ’ன்னு சொல்லிட்டாருடா. மீனக்காகிட்ட! கூட்டத்துல இவரு பேசுறத நின்னு கேட்டே அந்தம்மாவுக்கு முழங்கால் போச்சு.

...

கூடைய எடுக்க விறுவிறுன்னு உள்ள போய்ட்டாங்க. அதான் பயமா இருக்கு... நிப்பாட்டவா? நிப்பாட்டினா விட்ட எடம் மெசினுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு பட்டன் வைக்கணும், இன்னும் வைக்கல... அறிவு இருக்கான்னா கேக்குற? உனக்கு இருந்தா நீ அனுப்பு.

அக்கா! மீனக்கா! கடைசி எழுத்துக்கா...!

...

...

ஆங். இருக்கேன்.

...

அம்மன் பேருக்கு ஒன்னும் ஆகல. தலைவர் பேருலதான். கடைசி எழுத்துல பள்ளம், கட்டைவெரல் நுழையும்... அவரா? பார்த்துக்கிட்டே நிக்கிறாரு. திட்டல. ஹட்டன் டவுன்ல போர்டு எழுதுற கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னு கேக்குறாரு.

...

ம்.

சூப்பர்வைசர் நம்பர அனுப்பு.

...

மொதல்ல உனக்குக் கேட்டது மீனக்கா கதவு. இப்பக் கேக்குறது பூட்டு. ரெண்டு தடவ இழுத்துப் பார்த்துட்டுத்தான் போறாங்க.