வெறுங்கைப் பதக்கம்

போனுக்குக் கண்ணாடி ஒட்டும்போது நான் மூச்சு விடமாட்டேன், மேடம். சோளக்காடு பஸ் நிற்கும் இடத்தில் என் கடை எது என்று கேட்டாலே இதைச் சொல்வார்கள். ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டுவேன். "போதும் யுவராஜு, பஸ்சு போயிரும்" என்று போன்காரர் பறப்பார். அவர் கண்ணுக்கு அந்தத் தூசி தெரியக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அரைகுறையாக விட்ட வேலை எனக்குக் கனவில் வந்து நிற்கும்.

கவனக்குறைவால் கையை விட்டுவிட்டேன் என்று உங்கள் ஸ்டேஷனில் முதலில் எழுதிக்கொண்டார்கள் அல்லவா, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

நீங்கள் வந்ததிலிருந்து கேட்பது ஒரே கேள்விதான். முத்தன் மிளகு மரத்திலிருந்து விழுந்து கிடந்தபோது, அவன் மனைவி கீர்த்தனா ஓடி வந்து பார்க்கையில், என் கையில் போன் ஏன் இருந்தது? நூற்றெட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அந்தப் போன் இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கிறது. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். டீ ஆறிவிட்டது, பரவாயில்லை.

கீர்த்தனா என் தங்கை. முத்தன் அவளைக் கட்டுவதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் வாடா போடா. தாலி ஏறிய நாளிலிருந்து "வாங்க மாப்ள", "சொல்லுங்க மச்சான்" என்று மாறிப்போனோம். அவனைப் போல வெள்ளந்தியான ஆளை நான் பார்த்ததில்லை. கடையில் சில்லறை இல்லை என்றால் மீதியை விட்டுவிட்டுப் போகிறவன்.

நீங்கள் கீழ்நாட்டுக்காரர், எங்கள் மிளகுப் பறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறும். பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்போம், அதுதான் படி. மரத்தைச் சுற்றி மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருப்பதால் மேலே கட்டுவதில்லை. கீழே ஒருவன் மூங்கில் அடியை மிதித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான். மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டு ஊரில் அப்படிப் பிடிக்கிறவன், ஏறுகிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கச்சி தாலி மரத்து மேல் இருக்கையில் அண்ணன்காரன் கையை எடுப்பானா என்பார்கள். கால் மாற்றும்போதெல்லாம் மேலே இருப்பவன், "மச்சான், புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்பான். "புடிச்சிருக்கேன் மாப்ள" என்று கீழிருந்து பதில் போன பிறகுதான் கால் நகரும்.

இனி அந்த விளையாட்டு. நாங்கள் அதைக் கயிறு கேம் என்போம். திரையில் ஒரு பனிமலை, இரண்டு ஆள், ஒரு கயிறு. ஒருவன் ஏறுவான். மற்றவன் கயிற்றைப் பிடித்திருக்கிறான் என்பதற்கு அடையாளமாகத் திரையில் விரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். எடுத்தால் ஏறுகிறவன் விழுவான். விழுந்த ஆளுக்கு மறுபிறவி கிடையாது. முதலிலிருந்து வேறு ஆளை வளர்க்க வேண்டும்.

"ஊட்ட வுட்டு வெளிய வந்தா மலை. அத வுட்டுப்போட்டு ரெண்டு பேரும் போனுக்குள்ள ஏறுறீங்களே, கூலி எவனுங்கண்ணா குடுக்கறான்?" என்று கீர்த்தனா எங்களைக் கிண்டல் செய்வாள்.

கூலி உண்டு. பதக்கம். முதல் பாறையை ஏறினால் ஒன்று, புயலில் நின்றால் ஒன்று. கிடைக்கும்போது பூசாரி கைமணி போல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வாங்கிய பதக்கமெல்லாம் ஒரு சுவரில் கட்டம் கட்டமாகத் தொங்கும். வாங்காததன் கட்டம் கறுப்பாக இருக்கும்.

முத்தன் அந்தச் சுவர்ப் பக்கமே போகமாட்டான். பாதி மலையில் ஓர் ஆடு வரும், எதற்கும் உதவாத ஆடு. அதன் பக்கத்தில் தன் ஆளை உட்கார வைத்துவிடுவான். "மச்சான், இங்க பாருங்க, அது மூச்சு வுடுறதுகூடத் தெரியுது" என்பான். நான் விரல் மரத்துப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தன் ஆளுக்குத் தலையில் சிவப்பு உருமால் கட்டி, சின்னமுத்தன் என்று பெயர் வைத்திருந்தான். வருஷக்கணக்காக அவனை வளர்த்தான்.

எங்களுக்குள் இதில்தான் வாய்ச்சண்டை வரும்.

"மொதல்ல இந்தப் பாறை நல்லா இருந்துச்சு மச்சான். நீங்க அந்தக் கட்டத்தக் காட்டுனதுக்கப்புறம், கூலிக்கு மம்பட்டி புடிக்கிற மாதிரி இருக்குது."

"பரிசு இல்லாத பந்தயத்துல எவன் மாப்ள ஓடுவான்?"

"ஆட்டுக்குட்டி ஓடுதுங்களே."

அவனுக்குச் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. நியாயத்தைச் சொன்னால், பதக்கம் இல்லாவிட்டால் அந்த மலையின் வடக்குச் சரிவை நான் பார்த்தே இருக்கமாட்டேன். அங்கே பனிக்கட்டிக்குள் ஒரு நீல வெளிச்சம் உண்டு. பதக்கம்தான் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அதைக் காட்டியது. நல்லது செய்ததை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வெளிச்சத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன் என்பதும் உண்மை. மணி அடித்ததும் திரும்பிவிட்டேன்.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் கறுப்பாக நின்றது. என்ன செய்தால் கிடைக்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. சோற்றுத் தட்டைப் பார்த்தால் அதற்குள் அந்தக் கட்டம் தெரிந்தது. கடைச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைப் பார்த்தாலும் அதுவே தெரிந்தது. அந்த விளையாட்டில் செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. செய்யாத காரியம் ஒன்றுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் முத்தன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் கயிறு பிடித்திருந்தேன். "மச்சான், புடிச்சிருக்கீங்களா?" என்றான். விளையாட்டிலும் அப்படியே கேட்பான், பழக்க தோஷம்.

"ஒரு நிமிசம் இருங்க மாப்ள" என்று சொல்லி விரலை எடுத்தேன்.

சிவப்பு உருமால் பனிக்குள் போய் மறைந்தது. மணி அடித்தது. கறுப்புக் கட்டத்தில் விரிந்த உள்ளங்கை ஒன்று மின்னியது. அந்தப் பதக்கத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் வெறுங்கை. உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முத்தன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா நானே குதிச்சிருப்பனே மச்சான்."

"வெளையாட்டுத்தான மாப்ள."

"ஆமாங்க. வெளையாட்டுத்தான்" என்றவன், அங்கேயே அந்தக் கேமைப் போனிலிருந்து அழித்துவிட்டு எழுந்து போனான்.

சுவர் நிறைந்துவிட்டது. அதோடு அந்த மலையில் எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. வேறு கேம்கள் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் பதக்கம் இருந்தது, மணியும் அடித்தது, உடம்பு குளிரவில்லை. அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என்னைக் குளிர வைத்தது மணி இல்லை. அதற்கு முந்தைய நொடி. விரலில் ஓர் உயிரின் பாரம் இருந்தது, அடுத்த நொடி இல்லை.

ஒரு நாள் ருக்குமணியக்கா பலாப்பழச் சாக்கோடு பஸ் படியில் தடுமாறியபோது கை கொடுத்தேன். அவர் பாரம் முழுவதும் என் கையில் இறங்கியது. விட்டால் என்ன என்று விரல் கேட்டது. நான் கேட்கவில்லை, விரல்தான் கேட்டது. பத்திரமாக இறக்கிவிட்டேன். "நல்லா இரு சாமி" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். கடைக்குள் வந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது?

தை பிறந்தது, மிளகு பழுத்தது. முத்தன் என்னைக் கூப்பிடவில்லை. ஏணி பிடிக்க அடிவாரத்திலிருந்து கூலிக்கு ஒருவனைப் பேசியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சந்தையில் பேச்சாகிவிட்டது. "மச்சினன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான், முத்தன் கூலிக்கு ஆள் புடிக்கறானாமா. ரெண்டு ஊட்டுக்கும் என்ன தகராறு?" என்று என் காதுபடவே கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அன்று காலை கடையைத் திறக்காமல் நேராக அவர்கள் காட்டுக்குப் போனேன்.

கீர்த்தனா வாசலிலேயே மறித்தாள். "இன்னைக்கு வேண்டாங்கண்ணா. பனி பேஞ்சு மூங்கிலெல்லாம் ஈரமா இருக்குது. எனக்கு என்னமோ பயமா இருக்குது."

"நான் இருக்கறப்ப என்ன கண்ணு பயம்?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முத்தனால் என்னைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பெண்டாட்டியின் அண்ணனை ஏணியிலிருந்து விலக்கி நிறுத்தினால் அது அவள் பிறந்த வீட்டையே தள்ளி வைத்த மாதிரி. காரணம் கேட்பார்கள். கேமில் கையை விட்டார் என்று சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அவன் அந்தக் கூலியாளை வேறு வேலைக்கு அனுப்பினான். இடுப்பில் சாக்கைக் கட்டினான். ஏறுமுன் மறுபடியும் என் கையைப் பார்த்தான்.

ஒரு கணுவுக்கு ஒரு தடவை கேட்க வேண்டியவன் அன்று ஓயாமல் கேட்டான். கால் நகர்த்தாதபோதும் கேட்டான். "மச்சான், புடிச்சிருக்கீங்களா?" புடிச்சிருக்கேன். "புடிச்சிருக்கீங்கல்ல?" புடிச்சிருக்கேன் மாப்ள. மூடுபனியில் அவன் பாதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவன் நடுங்குவது மூங்கில் வழியாக இறங்கி என் உள்ளங்கைக்கு வந்தது. அவ்வளவு பயம், என் மேல். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வளர்ந்தவன் மேல். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடைசியாகக் கேட்டான். "மச்சான், புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன் மாப்ள."

இதை நான் சொன்னபோது என் கை இரண்டும் மூங்கிலில் இல்லை. மிதித்திருந்த காலையும் எடுத்திருந்தேன். குரல் எப்போதும் போலவே இருந்தது. பதில் வந்துவிட்டதால் அவன் காலை மாற்றினான்.

சாவு வீட்டில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் கீர்த்தனாவுக்குப் போட்டேன். போடுவதற்கு அண்ணன் நான் ஒருவன்தானே. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பதக்க ஆசைதான் உன்னைக் கெடுத்ததா என்று கேட்டீர்கள். அப்படி எழுத வேண்டாம். பதக்கம் சேர்க்கிறவர்கள் ஊர் உலகத்தில் எத்தனையோ பேர், யார் தங்கையும் அதனால் தாலி அறுக்கவில்லை. நான் பதக்கத்துக்காக இதைச் செய்யவில்லை, மேடம். மரத்துக்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியாத பைத்தியமா நான்? கை சலித்துவிட்டது, எடுத்தேன். அவ்வளவுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்கள் போனைத் திருப்பி வைத்துக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அவன் விழுந்த சத்தம் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். நூற்றெட்டை நான் அழுத்தவில்லை. அந்தச் சுவரைத் திறந்தேன். எல்லாக் கட்டமும் முன்பு போலவே நிறைந்திருந்தது. அடியில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

முத்தனுக்கு அப்போது உயிர் இருந்தது. சருகுக்கு மேல் மல்லாந்து கிடந்து, தூக்கிவிடச் சொல்லி என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"ஒரு நிமிசம் இருங்க மாப்ள" என்றேன்.