கதவுக்கு வெளியே கேட்ட பாட்டு

— பேச்ச மாத்தாதேடி. உங்க ஸ்டூடியோ இன்ஜினியர்கிட்ட எனக்கு எடம் கேட்டியா, இல்லியா?

— ஐயோ அம்மா, காலங்காத்தால ஆரம்பிக்காத. நான் கெளம்பற நேரம்.

— நான் என்ன சொத்தையா எழுதிக் கேக்கறேன்? கடைசி வருஷத்துல எல்லாரும் ஒரு ஸ்டூடியோவுல கொஞ்ச நாள் இருந்து வேலை கத்துக்கணும். இல்லேன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. என் கூடப் படிக்கற பசங்க எல்லாருக்கும் எடம் கெடச்சாச்சு. என்னை ‘சீனியர், சீனியர்’னு கூப்பிட்டுட்டு சிட்டாப் பறந்துட்டாங்க. சீனியர் மட்டும் இங்க துணி மடிச்சிட்டிருக்கா.

— உன்னை யாரு இந்த வயசுல சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கச் சொன்னா?

— நானேதான் சொன்னேன். எனக்கு வேற யாரு சொல்லுவா?

— நீ வந்து என் பக்கத்துல உக்காந்தா நல்லாவா இருக்கும், யோசிச்சுப் பாரு.

— அங்க உன்னை மேடம்னே கூப்பிடறேன். சாப்பிட்டியான்னுகூட கேக்க மாட்டேன்.

— உன்னால முடியுமா அது? போன வாரம் ரெக்கார்டிங் நடுவுல ஃபோன் பண்ணி, சளி மாத்திரை போட்டியான்னு கேட்டே. ஸ்பீக்கர்ல இருந்துச்சு.

— போட்டியா, இல்லியா அன்னிக்கு?

— ப்ச். அந்த எடம் போயிருச்சும்மா. வேற யாரையோ எடுத்துட்டாங்களாம்.

— அப்படியா.

— அப்படித்தான்.

— சரி. அந்தச் சட்டைய இங்க குடு. காலர் இன்னும் ஈரமா இருக்கு, வெயில்ல போடறேன்.

— கோவமாம்மா?

— எனக்கென்ன கோவம்? யாரோ ஒரு பிள்ளைக்குக் கெடச்சிருக்கும், நல்லா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. குரலையும் வாத்தியத்தையும் நான் கலந்து அனுப்பின பாட்ட அவரு கேட்டாரா?

— கேட்டாரு. எல்லாரும் இருக்கும்போதே போட்டாரு. நானும்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— என்ன சொன்னாரு?

— விடும்மா.

— சொல்லுடி. திட்டியிருந்தாலும் பரவால்ல. அந்த ரூம்ல உக்காந்து என் வேலைய ஒருத்தர் கேட்டாருல்ல, அதுவே போதும்.

— பேஸ் சத்தம் ரொம்பத் தூக்கலா இருக்கு, தொம் தொம்னு அடிக்குது. பாடறவங்க என்னடான்னா அடுத்த ரூம்ல இருக்காங்க. யாரோ மூடின கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டே கலந்த மாதிரி இருக்குன்னாரு. ஒருத்தன் சிரிச்சான்.

— நீயும் சிரிச்சியா?

— இல்லம்மா.

— எங்க வாத்தியாரும் இதையேதான் சொன்னாரு. திருத்தித் திருத்திப் பாக்கறேன், கை அங்கேயே போகுது. எனக்குப் பாட்டுன்னா அப்படித்தான்டி தெரியும். சின்னப் புள்ளைல இதே ஸ்டூடியோவுலதான் உன்னைப் பாட உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்துவாங்க. மேல செவப்பு லைட் எரியும். அது எரிஞ்சா எறும்புகூட உள்ள போகக் கூடாது. மத்த பசங்களோட அம்மாங்க பெஞ்சுல உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க. நான் சுவத்துல தலைய சாச்சுக்குவேன். உன் குரல் துளிகூட கேக்காது. அந்தத் தொம் தொம் மட்டும் முதுகு வழியா வரும்.

— தெரியும்மா. அந்த பெஞ்சு இன்னும் அங்கதான் கெடக்கு. அதத் தாண்டிப் போறப்பல்லாம் வேற பக்கம் பாத்துட்டுப் போவேன். நான்தானே எல்லாத்தையும் கெடுத்தேன். இனிமே பாட மாட்டேன்னு அழுது அடம் புடிச்சேன். அப்புறம் எத்தனையோ நாள் நீ எனக்கு முகம் குடுத்தே பேசல.

— அத உன் மேல கோவம்னா நெனச்சே?

— பின்ன என்ன? பொண்ணு பெரிய பாடகி ஆகணும்னு அலைஞ்சே. நான் மண்ணள்ளிப் போட்டேன்.

— அட கிறுக்கி. உனக்கு சுமாராத்தான்டி பாட வரும். பெத்தவளுக்குத் தெரியாதா?

— என்னம்மா சொல்றே?

— எனக்கு அந்த ரூமுக்குள்ள போகணும், அவ்ளோதான். ஒரு தடவ கதவு தொறந்தப்ப எட்டிப் பாத்தேன். அவ்ளோ பெரிய மேஜை, பட்டன் பட்டனா. பாட்டோட சேந்து பச்ச வெளக்கெல்லாம் ஏறி எறங்குது. ஒருத்தரு ரெண்டு வெரலால எதையோ துளி நகத்தினாரு, பாட்டு வேற பாட்டாயிருச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஆனா வெறுங்கையோட போய் நின்னா என்னை யாரு விடுவா? உன் கையப் புடிச்சிட்டுப் போனா வாசல் வரைக்குமாவது விட்டாங்க. நீ நிறுத்தினதும் எனக்கு அங்க போக ஒரு சாக்கும் இல்ல. அதான் பேச்சே வரல. கோவம் இல்ல கண்ணு, ஏக்கம். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— இத்தன வருஷமா நான் உனக்குப் பாவம் பண்ணிட்டேன்னு சுமந்துட்டுத் திரியறேன்.

— உன்னை டிக்கெட்டா வெச்சுக்கிட்டேன். பாவம்னா அது என்னோடது. சரி சரி, கண்ணத் தொடச்சுக்கோ, பஸ்ஸுக்கு நேரமாகுது.

— அம்மா, அந்தச் சட்டையக் கீழ வை. ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— எடம் போகல. நான் பொய் சொன்னேன்.

— ம்.

— சிரிச்சவன அதட்டிட்டு, இன்ஜினியர் மறுபடி போட்டுக் கேட்டாரு. இந்தம்மாவுக்குக் காது இருக்கு, கைதான் பழகணும்னாரு. நீ தெரு பேரு போட்டிருந்தேல்ல? ‘உன் தெருதானே இது, தெரிஞ்சவங்களா’ன்னு என்னைப் பாத்தாரு.

— நீ என்ன சொன்னே?

— தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

— சரி.

— சரி இல்லம்மா. வயர் சுத்தி, டீ வாங்கிக் குடுத்து, இப்பத்தான் ஒரு பாட்ட என்னை நம்பிக் குடுக்கறாங்க. நீ வந்து நின்னா மறுபடி அம்மா கையப் புடிச்சிட்டு வந்த பொண்ணாயிடுவேன்னு பயம். சொல்லவே கேவலமா இருக்கு. ஆனா அதான் நெசம்.

— பயம் நியாயந்தான். கஷ்டப்பட்டு சம்பாதிச்ச பேரு.

— என்ன நியாயம்? இன்னிக்குப் போனதும் சொல்றேன், அது எங்கம்மாதான்னு. எடம் குடுங்கன்னு நானே கேக்கறேன். நீயும் பொடவை மாத்திட்டுக் கெளம்பு, சேந்தே போலாம்.

— அவசரப்படாத கண்ணு. நேத்து மத்தியானமே அவரு ஃபோன் பண்ணிட்டாரு. திங்கக்கெழமையிலேர்ந்து வரச் சொன்னாரு. நீயா வாய் தொறந்து கூப்பிடுவியான்னுதான் காலையிலேர்ந்து நச்சரிச்சேன்.

— நேத்தேவா? அப்ப நான் எடம் போயிருச்சுன்னு சொன்னப்பவே உனக்கு...

— தெரியும். உங்க தெருப் பொண்ணு ஒண்ணு எங்ககிட்ட வேலை பாக்குது, உங்களுக்குத் தெரியுமான்னு என்கிட்டயும் கேட்டாரு. நீ சொல்லலைன்னு புரிஞ்சுபோச்சு, நானும் தெரியாதுன்னுதான் சொன்னேன்.