பச்சைக் கேட் வீட்டைப் பற்றிய விவாதம்

ஏசிக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அமீரகத்தின் அல் ஐன் நகரில் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டரோடுதான் வேலை செய்வேன்.

என் பெயர் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்தில் சட்டம் படிப்பித்தவன். இங்கே ஒரு தனியார் சட்ட நிறுவனத்துக்காக இணையத்தில் ஆய்விதழ் தொடங்கினேன். தொண்ணூற்றேழில் அது புதுமை. கட்டுரையைப் படிப்பவர் அதன் கீழேயே கருத்து எழுதலாம். நான் திருத்தி வெளியிடுவேன். கணினி வேலை முழுக்க என்னோடு வேலை செய்யும் நிருபன் என்ற பொடியனுடையது.

முதல் இதழுக்கு ஒருவரும் கருத்து எழுதவில்லை. மூடிவிடலாம் என்றார்கள் நிறுவனத்தார். அடுத்த இதழில், வேலையாளின் பாஸ்போட்டை முதலாளி வைத்திருக்கலாமா என்றொரு கட்டுரை போட்டேன். ஆங்கிலத்தில் ஒரு கருத்து வந்தது.

"ஐயா, பாஸ்போட் என்று தேடி இதைக் கண்டேன். என்னுடையது மேடத்திடம் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற மேல் அறையில் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். சனாயா தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் பச்சைக் கேட் வீடு. உதவுங்கள். சிவரூபி, ஹட்டன், இலங்கை."

சொந்த விபரங்களை நாங்கள் வெளியிடுவதில்லை. வீட்டு அடையாளத்தை நீக்கி வெளியிட்டு, "மதிப்புள்ள பங்களிப்பு. பூட்டியதற்கு அடிக்குறிப்பு தர முடியுமா?" என்று கீழே கேட்டேன்.

இதழுக்கு உயிர் வந்தது. பூட்டு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சட்டநிலை மாறும் என்றார் பஹ்ரைன் பேராசிரியர் ஒருவர். சிவரூபி என்பது மிக நேர்த்தியான கற்பனை உதாரணம் என்று பாராட்டினார் இன்னொருவர். "நான் கற்பனை இல்லை" என்று அவள் எழுதினாள். அதற்குத்தான் மறுப்புகள் குவிந்தன.

துபாயிலிருந்து அஸ்கர் அலி என்ற வக்கீல் மட்டும், "வீடு எங்கே? இன்றைக்கே வருகிறேன்" என்று கேட்டார். கேள்வி கட்டுரையோடு தொடர்பில்லாதது. நீக்கினேன். அவள் வெளியே வந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும், இதழும் முடிந்துவிடும். இது உங்களுக்கும் விளங்கும்.

நிருபனுக்கு விளங்கவில்லை.

"அண்ணை, இந்தப் பிள்ளை உண்மையாவே பூட்டுப்பட்டுக் கிடக்குது போல. விலாசம் ஏதும் தந்தவவோ?"

"இல்லைத் தம்பி. வெளியிட்டதைப் பாரும், ஒண்டும் இல்லை."

வெளியிட்டதில் இல்லைதான். அதனால் அது பொய்யாகாது.

ஆசிரியர் என்ற முறையில் சரிபார்க்க ஒருதரம் அந்த வீட்டுப் பக்கம் போனேன். பச்சைக் கேட். மேல் சன்னலில் மெலிந்த ஒரு பெண் நின்றாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. விவாதம் நடக்கும்போது ஆசிரியர் ஒரு பக்கம் சாயக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை இப்படி எழுதியிருந்தாள்: "ஐயா, தொழுகைக்கு எல்லாரும் போவார்கள். அப்போது திரைச்சீலையைக் கட்டி இறங்கப் போகிறேன். யாராவது கீழே வந்து நில்லுங்கள்."

தொழுகைக்கு முன்பே படித்துவிட்டேன். காரில் போனால் கொஞ்ச நேரம்தான். திரைச்சீலை பாதியில் கிழிந்ததும், கீழே சீமெந்துத் தரை என்பதும் பிறகு விசாரணைக்கு வந்த நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் மேசையில் இருந்தேன். அவளுடைய ஆங்கிலத்தில் பிழைகள் அதிகம். ஒவ்வொன்றாகத் திருத்தி, சொன்ன கருத்து கெடாமல் வெளியிட்டேன்.

ஆகவே, அவளுக்கு யாரும் உதவவில்லை என்று மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.