பதினோரு ஜோடி பூட்ஸ்

...மூணு வாரம் முன்னாடி நம்ம சபையில அசன விருந்து வச்சோம், சோறு பத்தல. அதுக்கு எல்லாருமாச் சேர்ந்து ஒரே ஆளைக் கைகாட்டியாச்சு. சமையலுக்குப் பொறுப்பா நின்ன தங்கையன் அண்ணன்! நம்ம மனசு லேசாயிருச்சு... இல்லையா? சரி, ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. அதுல நானும் இருக்கேன்.

நான் காலேஜ்ல ஃபுட்பால் ஆடுனவன். இந்த வயித்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க! லெஃப்ட் பேக். அந்த வருஷம் ஒன்பது மேட்ச். முதல் மேட்ச்... தோல்வி. ரெண்டாவது... தோல்வி. மூணாவது? நீங்களே சொல்லுங்க... ஆமா, தோல்விதான்.

எங்க டீம்ல ஒரு வழக்கம். யாரால தோத்தோமோ, அவன் எல்லார் பூட்ஸையும் சாக்குல போட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தூக்கணும். பதினோரு ஜோடி, சேறும் சகதியுமா. யாரால தோத்தோம்னு கேப்டன் செல்வின் சொல்லுவான். எப்பவும் ஒரே பேருதான். கோல்கீப்பர் வில்பிரட்.

"லேய் வில்பிரட்டு, பந்து உன்னைத் தாண்டித்தானே போச்சு? தூக்குலே!"

தூக்குவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவங்க அப்பா ரப்பர் தோட்டத்துல மரத்துல பால் வெட்டுறவர். இவனுக்கு ஒரே ஆசை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை. அதுக்கு டீம்ல இருக்கணும். டீம்ல இருக்கணும்னா... தூக்கணும்.

அந்தக் கோல் எல்லாம் எந்தப் பக்கமா வந்துச்சு தெரியுமா? இடது பக்கம். இடது பக்கம் நின்னது யாரு? இதோ, மைக் பிடிச்சு நிக்கிறானே... இவன்! நான் வாயைத் திறந்தா சாக்கு என் தோளுக்கு வரும். திறக்கல.

எட்டாவது மேட்ச். லேசா வந்த ஒரு பந்து... வில்பிரட் பிடிச்சான். பிடிச்சவன் அப்படியே உக்காந்துட்டான். வலது மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு டாக்டர் கேட்டார், "இது இன்னைக்கு ஒடிஞ்சது இல்லையே. எப்போ அடிபட்டுது?"

"மூணாவது மேட்ச்ல, சார். மாசம் ஒண்ணு தாண்டிருச்சு."

"ஒரு மாசத்துக்கு மேலயா? ஏன் சொல்லல?"

அவன் எங்களைப் பார்த்தான்... "தோத்ததுக்குச் சாக்குப்போக்கு சொல்லுதேன்னு சொல்லுவானுவ, சார்."

"முதல்ல சின்ன விரிசலாத்தான் இருந்திருக்கும். கட்டுப் போட்டிருந்தா சேர்ந்திருக்கும். இந்தக் கையால பாரம் எதுவும் தூக்குனியா?"

ஐயோ... அந்தக் கேள்வி! நாங்க யாரும் யாரையும் பார்க்கல.

அந்தக் கை அதுக்கப்புறம் சரியாகல. போலீஸ் செலக்‌ஷன்ல கயிறு ஏறணும். பாதியிலயே இறங்கிட்டான். அவ்வளவுதான், அவன் வேலை போச்சு.

ஒன்பதாவது மேட்ச்சுக்கு வேற கோல்கீப்பர். ஆறு கோல் வாங்கினோம். எல்லாம் எந்தப் பக்கம்? உங்களுக்கே தெரியும். முடிஞ்சதும் செல்வின் பழக்கதோஷத்துல, "லேய் வில்பிரட்டு..."ன்னு கூப்பிட்டுட்டான். அப்படியே நின்னுட்டான். சாக்கு கிரவுண்ட்லயே கிடந்துச்சு.

அன்பானவங்களே, தோல்வி வீட்டுலயும் வரும், சபையிலயும் வரும். வந்ததும் நாம ஒரு தோளைத் தேடுறோம். அவன் பேசலன்னா, அவனுக்கு வலிக்கலன்னு நினைச்சுக்கிறோம்.

தங்கையன் அண்ணன் மூணு ஞாயிறா ஆலயத்துக்கு வரல. ஏன்னு யாராவது போய்க் கேட்டீங்களா? அசனத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு அவர் ரெண்டு தடவை என்கிட்ட வந்து கேட்டார். நான்தான், "பார்த்துக்கலாம் அண்ணே"ன்னு அனுப்பிட்டேன். மூணு வாரமா இதை நான் யார்கிட்டயும் சொல்லல. முப்பது வருஷம் கழிச்சும்... நான் அதே லெஃப்ட் பேக்தான்!

ஆராதனை முடிஞ்சதும் நான் அவர் வீட்டுக்குப் போறேன். என்கூட யாரு வர்றீங்க?