பீன்ஸ் வளர்த்த குளம்

— இன்னிக்குத் தேதியைக் குறிச்சு வச்சுக்குங்க, சுந்தராம்பாளம்மா. இந்திய விவசாயத்துல காகிதத்தோட காலம் முடிஞ்சது. இனிமே இந்தக் கவுஞ்சி மலையில ஒரு பீன்ஸைப் பறிச்சா, லண்டன்ல இருக்கிறவர் கம்ப்யூட்டர்ல அது யாரு வயல்னு பாத்துட்டுத்தான் வாயில வைப்பார். நெட்டு கிடைக்கணும், அந்த டேட்டா கார்டை வயர் கழண்டுராம இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.

— லாரி மேல ஏறி நிக்கிறேன், சிவமுருகன் சார். இதுக்கு மேல தூக்க எனக்குக் கை நீளமில்ல.

— அப்படியே நில்லுங்க. ஒரு கோடு சிக்னல் வந்திருக்கு.

— டிரைவரு பதினொரு மணிக்கு வண்டிய எடுத்துருவேன்னுட்டாரு. ராத்திரி பிளேனாம். உங்க ஆபீஸு ஏற்றுமதி சர்டிபிகேட் நம்பர் இல்லாமப் போனா ஏர்போர்ட்லயே எறக்கிப் போட்டுருவாகளாம். பதினெட்டுப் பேரு வெள்ளனே வந்து குளுருல பறிச்சது சார். போன தடவ நம்பர் இல்லாம திரும்பி வந்ததை ஆட்டுக்குத்தான் போட்டேன். மூணாம் நாளு ஆடே மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.

— இந்தத் தடவை எல்லாம் கம்ப்யூட்டர்ல. நாலே பக்கம். முதல் கேள்வி, குளத்தோட ஆழம் எத்தனை அடி?

— எந்தக் குளம்?

— உங்க குளம்.

— எனக்கேது சார் குளம்? மலைச் சரிவுல படிப்படியா ஒம்பது வயலு கெடக்கு. தண்ணி நின்னா பீன்ஸு அழுகிப்போகும்.

— அது வந்து, இந்த சாப்ட்வேர் முதல்ல கடற்கரைப் பக்கம் எறால் ஏற்றுமதிக்குப் பண்ணது. அங்க நல்லா ஓடுச்சு. காய்கறிக்கும் அதையே வச்சுக்கலாம்னு மேல முடிவு பண்ணி, தலைப்பை மட்டும் மாத்திட்டாங்க.

— அப்ப எறாலைக் கேட்டதுக்கு பீன்ஸு பதில் சொல்லணுமாக்கும்.

— நீங்க சொன்னாப் போதும். காலியா விட்டா செகப்பா நிக்குது, அடுத்த பக்கம் போக மாட்டேங்குது.

— இல்லைன்னு எழுதுங்க.

— எழுத்தை எடுக்காது, நம்பர்தான். பூஜ்யம் போட்டா, பண்ணை வறண்டுவிட்டது, நிவாரணத்துக்கு வேறு படிவம்னு காட்டுது.

— அப்ப மூணடின்னு போடுங்க. ஆளு முங்காம இருக்கட்டும்.

— மூணு. ஆங், ஏத்துக்கிருச்சு. ரெண்டாம் பக்கம். கடல்லருந்து பண்ணை எத்தனை கிலோமீட்டர்?

— நான் கடலைப் பாத்ததே ஒரே ஒரு தடவ. திருச்செந்தூர் போகையில. பஸ்ஸுல ஒரு பகலு முழுக்க ஆச்சு.

— ரெண்டு இலக்கத்துக்கு மேல எடுக்க மாட்டேங்குது. தொண்ணூத்தொம்பதுன்னு வச்சுக்கிருவோம்.

— உங்க இஷ்டம் சார். வேணுங்குற அளவுக்குக் கடலைக் கிட்டக்க இழுத்துக்குங்க. வெரசாப் பாருங்க, கையி மரத்துப்போச்சு.

— மூணாம் பக்கம். குளத்துக்குள்ள நண்டு வராம வேலி இருக்கா?

— நண்டு எங்க வருது? காட்டுமாடுதான் வருது. அதுக்கு வேலி போட்டிருக்கேன்.

— காட்டுமாட்டையே நிறுத்துற வேலி நண்டை நிறுத்தாதா? உண்டுன்னு போட்டாச்சு.

— பக்கத்து வயலு திருமலைச்சாமி அண்ணன் அப்பவே சொன்னாரு, இந்தச் சோலியே வேணாம் தாயி, என்னைய மாதிரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல கொட்டிட்டு வாங்குறத வாங்கிட்டு வான்னு. நான்தான் கேக்கல.

— அவரு கேட்டா இப்ப இதைக் காட்டுங்க. நாலாம் பக்கம் வந்தாச்சு, லேப் ரிசல்ட் தானா வந்து உக்காந்திருச்சு. போன மாசம் நானே உங்ககிட்ட வாங்கிட்டுப் போன சாம்பிள். முப்பத்தேழு பூச்சிமருந்தைத் தேடியிருக்காங்க, காயில ஒண்ணுகூட இல்ல. மிஷினு கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தாங்களாம். இந்த மலையிலயே இப்படி வந்தது உங்க ஒருத்தருக்குத்தான். எங்க பெரிய ஆபீசர் ரிப்போர்ட்டை பிரேம் போட்டு ரூம்ல மாட்டியிருக்கார். அடுத்த வாரம் டெல்லிலேருந்து குழு வருது.

— எறாலைப் பாக்கவா, பீன்ஸைப் பாக்கவா?

— உங்களைப் பாக்க. இந்தா, நம்பர் வந்திருச்சு. டிரைவர்கிட்ட நம்பர் எழுதுன இந்தச் சீட்டைக் குடுத்துக் கெளம்பச் சொல்லுங்க.

— மொதல்ல என்னைய எறக்கி விடச் சொல்லுங்க சார்... ம், எறங்கிட்டேன். கெளம்பட்டும். அப்பாடா, வளைவு தாண்டிட்டாரு. நல்லா இருப்பீங்க சார், என் வெள்ளாமையக் கரை சேத்துட்டீங்க.

— ஒரு சின்ன ஆசைம்மா. லாரியில ஏத்துனது போக இங்க ஒரு பெட்டி மிச்சம் இருக்கே, அதுல கொஞ்சம் எடுத்துக்கிரவா? வீட்ல முழுகாம இருக்கா. உலகத் தரத்துல காய் கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— அய்யய்ய, அதுல கைய வைக்காதீங்க. அது வாரத்துக்கு ரெண்டு மருந்து குடிச்சது. வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைக்கா அதைக் குடுக்குறது? இருங்க, எங்க வீட்டுச் சமையலுக்குன்னு மேக்கால தனியா ஒரு பாத்தி போட்டிருக்கேன், மருந்தே காட்டுறதில்ல. பறிச்சுத் தாரேன்.

— தனிப் பாத்தியா? அப்ப போன மாசம் எனக்குக் குடுத்த சாம்பிளு?

— அதுவும் அந்தப் பாத்தியிலதான் சார். ஆபீசரு காய் கேட்டா தன் வீட்டுச் சமையலுக்குத்தானே கேப்பாரு.