கிடங்குச் சுவரில் பல் டாக்டரம்மா சுரண்டிய கோடுகள்

மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பழமைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்களே, குழுவின் பெருமக்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் என் ஊர்க்காரர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் டாக்டரம்மாவின் மகனே, மருமகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் என்று சீட்டெழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அலங்கார வளைவுத் திறப்பு விழாவில் தலைவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கேட்கவில்லை. அவ்வளவு பேச எனக்கு மூச்சும் இல்லை. ஆனால் மூன்று நிமிடத்தில் முடிக்கவும் மாட்டேன். இந்தக் குழுவில் என் பேச்சை எப்போதும் பாதியில் நிறுத்தியவர்கள், இறந்தவரை முன்னிட்டு இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

யார் நம் டாக்டரம்மா? இந்த ஊரில் வாய் திறந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும்! நம் வாயைத் திறக்க வைத்து, அதில் பஞ்சை அடைத்து, பிறகு நிதானமாகப் பேச ஆரம்பிப்பார். எதிர்த்துப் பேச ஆளிருக்காது. ஆற்றோரப் பொது வெளியின் ஓரத்தில் குப்பை கொட்டிய லாரிக்காரரைக் கடைவாய்ப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார வைத்து, "இனிமே கொட்டுவியா? தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்று கேட்டவர் அவர். லாரிக்காரர் ஆட்டினார். இன்றுவரை கொட்டவில்லை. நம் குழுவின் தீர்மானங்கள் எதற்காவது அந்த வலு இருந்ததா?

இறந்தவரைப் புகழ்வதற்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. ஆகவே இதையும் சொல்கிறேன். ஆற்றங்கரைத் தானியக் கிடங்குக்கு வெள்ளையடிக்கத் தீர்மானம் போட்ட அன்று, கை தூக்கியவர்களில் டாக்டரம்மாவும் ஒருவர்.

அந்தச் சுவரை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு ஊருக்குள் வந்தபோதெல்லாம் தண்ணீர் நின்ற உயரத்தில் கல்லில் ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் ஆண்டைப் பொறித்திருந்தார்கள் முன்னோர்கள். பழமையைக் காப்பதற்கென்றே பிறந்த குழு நம்முடையது! அந்தக் குழு என்ன செய்தது? ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், சுவர் பொலிவாக இருக்க வேண்டும் என்று, கோடுகளில் பட்டி பூசி நிரவி, மேலே பெயிண்ட் அடித்தது. தீர்மானப் புத்தகத்தில் அதற்கு 'கிறுக்கல்களை அகற்றுதல்' என்று பெயர். நான் எழுந்து மறுத்தேன். "சாருக்கு எதச் செஞ்சாலும் குத்தம்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

சுவர் பளபளத்தது. விழா நடந்தது. அடுத்து என்ன நடந்தது?

ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே பரந்து கிடக்கும் நம் பொது வெளியின் முதல் துண்டு மனைகளாயிற்று. அதில் முதல் வீடு கட்டியவர் டாக்டரம்மாவின் மகன். அவரை நான் குறை சொல்லவில்லை. சுவரில் ஒரு கோடு தெரிந்திருந்தால் அவர் அங்கே அஸ்திவாரம் தோண்டியிருப்பாரா? பிறகு மீதி வெளியையும் மனைகளாக்க விண்ணப்பம் வந்தது. நில அதிகாரி பார்வையிட வந்தார். இங்கே தண்ணீர் வரும் என்றோம். "எங்க வந்துச்சு, காட்டுங்க" என்றார். காட்டுவதற்குப் பளபளக்கும் சுவர்தான் இருந்தது. கோடுகள் தெரியும் பழைய புகைப்படங்களை நீட்டினோம். "போட்டோவுல உயரம் எப்படிங்க தெரியும்?" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று டாக்டரம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் சார் கை தூக்கினேன். பல் டாக்டர் புத்தி" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் செய்ததைத்தான் நான் சேவை என்பேன். மதியம் மருத்துவமனையைச் சாத்திவிட்டு, முகமூடியும் நெற்றி விளக்கும் மாட்டிக்கொண்டு, சொத்தைப் பல்லைச் சுரண்டும் அதே கொக்கி ஊசியோடு கிடங்குக்குப் போனார். சுத்தியல் வைத்தால் கல் பெயர்ந்துவிடும். ஆகவே ஊசியால், நகமளவு நகமளவாக, நிரப்பிய பட்டியைக் கோட்டிலிருந்து நெம்பி எடுத்தார். தூரிகையால் தூசு தட்டினார். என்னைத் தவிர குழுவிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தீர்களா? மகன் மட்டும் வந்தார், திட்டுவதற்காக.

"அம்மா, உனக்கு எதப் பாத்தாலும் ஓட்டையாத்தான் தெரியும். தொழில் அப்படி."

"ஓட்டைய இப்பப் பாத்தா ஊசியோட போகும்டா. வலிக்கும்போது பாத்தா பல்லே போயிடும். நீ புள்ளைய மாடியில படுக்க வை."

"மாடியில ரூமே கட்டலியேம்மா!"

இதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். மகன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நமக்குத் தெரிந்தவை எல்லாம் ஆள் உயரத்துக்குள். ஒருநாள் என் பல்வலிக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சு. காதருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்: "மேல இன்னொண்ணு இருக்கு சார். நம்ம பெயிண்டுக்கு அடியில இல்ல, அதுக்கும் முந்தின பழைய சுண்ணாம்புக்கு அடியில. கூரைகிட்ட. ஓரம் மட்டும் தட்டுப்படுது. அது கோடா இருந்தா நாம யாருமே தப்பிக்க மாட்டோம். எனக்குப் பயமா இருக்கு. நீங்க எதுவும் பேசாதீங்க, பஞ்சு நகந்துடும்."

பிறகு ஊசியை எடுத்து என் பல்லைச் சுரண்டத் தொடங்கினார்.

அந்த வாரமே நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

அன்பர்களே, அடக்கம் முடிந்த மறுநாள் கொத்தனாரை அழைத்துச் சாரம் கட்டினேன். மகனும் வந்தார், தாயின் ஊசியை எடுத்துக்கொண்டு. தலை சுற்றினாலும் நானும் ஏறினேன், இருவரும் சுரண்டினோம். பழைய சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே கோடுதான் இருந்தது. விரல் புதையும் ஆழத்தில், நம் கொள்ளுப்பாட்டன்களுக்கும் முந்தைய ஓர் ஆண்டு. அவசரத்தில் வெட்டியது போல எழுத்து கோணிக் கிடந்தது. அதன் கீழ் ஒரே ஒரு சொல்: 'நின்றது'. தண்ணீர் இங்கே நின்றது. கடந்து போகவில்லை, நின்றது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தன் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அந்த மட்டத்தைச் சுவர் சுவராகக் கடத்திக்கொண்டு போனார். மகனின் வீட்டில் அது தரைத்தளத்துக் கூரையைத் தாண்டியது. "இன்னொரு தடவ பிடிங்கண்ணே" என்றார் மகன். கொத்தனார் பிடித்தார். அதே இடம்தான். பிள்ளையின் கட்டில் அப்போதும் கீழறையில்தான் கிடந்தது. நேற்றும் அங்கேதான் கிடந்தது என்று கேள்விப்படுகிறேன். போக இடம் பார்க்கிறோம் என்கிறார்கள். மேற்கே வானம் கறுத்திருப்பதை வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்துக்கு வருகிறேன். வெளியின் ஓரத்தை வெட்டி நம் குழுவே பெருமையோடு கட்டிய மண்டபம். நேற்று கொத்தனார் இங்கும் மட்டம் பிடித்தார். தலையை நிமிர்த்திப் பாருங்கள். மின்விசிறிகளுக்கு ஒரு சாண் கீழே பென்சில் புள்ளி தெரிகிறதா? மலர்வளையம் அதற்குக் கீழே. இந்த ஒலிபெருக்கி அதற்குக் கீழே. மேடை, நாற்காலிகள், நின்றுகொண்டிருப்பவர்களின் தலைகள், எல்லாம் அதற்குக் கீழே!

நான் அஞ்சுகிறேன், அன்பர்களே. சொல்ல வெட்கமில்லை. அடுத்த வாரம் மனை விண்ணப்பம் மீது கருத்துக் கேட்புக் கூட்டம். மீதி வெளியையும் அடைத்துவிட்டால் ஆற்று நீருக்குப் படுக்க இடமிருக்காது. அது ஊருக்குள்தான் வந்து படுக்கும். டாக்டரம்மாவின் படத்தைத் திறந்து வைத்து, நல்லவர், வல்லவர் என்று சொல்லிக் கலைந்தால், அவர் சுரண்டிய சுவருக்கு மறுபடியும் பட்டி பூசியவர்கள் ஆவோம்.

கிடங்கின் கோடுகளில் இனி பெயிண்ட் விழாமல் பார்த்துக்கொள்வேன். அதிகாரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாவது சாரத்தில் ஏற்றுவேன். இது டாக்டரம்மாவுக்கு நான் தரும் வாக்கு. அந்த வேலை இன்றே, இங்கே தொடங்குகிறது. சிவப்புப் பெயிண்டும் தூரிகையும் கொண்டு வந்திருக்கிறேன். இந்த மண்டபத்தின் நான்கு சுவரிலும், அந்த உயரத்தில், கோடு போடப் போகிறேன். நாளை இங்கே விழாவுக்கு வருகிறவர்கள் அதன் கீழ் உட்கார்ந்து பேசட்டும்.

முன்வரிசையில் எழப் பார்க்கும் டாக்டரம்மா மகனே, தம்பி, எழ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுந்து வீட்டுக்குப் போங்கள். அம்மாவின் பழைய வீடு மேட்டில் பூட்டித்தானே கிடக்கிறது? மழைக்கு முன் பிள்ளையின் கட்டிலை அங்கே கொண்டு சேருங்கள்.

தலைவர் அவர்களே, ஏணி கதவுக்கு வெளியே சாத்தியிருக்கிறது. எனக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். உங்களை நம்பி ஓர் அடி எடுத்து வைப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. வாருங்கள். கீழே நின்று கெட்டியாகப் பிடியுங்கள்.